மாருதி 800: முள்ளும் அசையவில்லை, வயரும் தொங்குகிறது

ஸ்பீடோமீட்டர் முள் அசையவில்லை, ஒரு சிவப்பு வயர் தொங்குகிறது, அதை இணைத்தால் சரியாகும் என்று மெக்கானிக் சொன்னார் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சிவப்பு வயருக்கும் ஸ்பீடோமீட்டருக்கும் சம்பந்தமில்லை. 97 மாடல் கார்புரேட்டர் வண்டியில் முள்ளைச் சுழற்றுவது கரண்ட் இல்லை. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள். மீட்டருக்குள் கரண்ட் போவது பல்பு, பெட்ரோல் முள் போன்றவற்றுக்குத்தான்.

கிலோமீட்டர் எண்ணும் சேர்ந்து நின்றுவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் உள்கேபிள் (கேபிள் உறைக்குள் சுழலும் கம்பி) அறுந்திருக்கும். எண் ஓடி முள் மட்டும் படுத்திருந்தால் மீட்டரைச் சந்தேகப்படலாம்.

1. மீட்டருக்குப் பின்னால் கேபிளைக் கழற்றுங்கள்.
2. நியூட்ரலில் ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கையால் சுற்றுங்கள். தூக்குமுன் ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.
3. கேபிள் நுனி சுழலவில்லையா? உருவிப் பாருங்கள். முழுசாக இருந்தால் கியர்பாக்ஸ் பக்கத்துச் சின்னப் பல்சக்கரம் தேய்ந்திருக்கும்.

புதுக் கேபிள் போடுமுன் மீட்டர் லேசாகச் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இறுகியிருந்தால் புதியதும் அறுந்துவிடும்.

வயர், பழைய ஓனர் மாட்டிய ஸ்டீரியோவின் மிச்சமாக இருக்கலாம். சாவி போட்டும் எடுத்தும் வயர் நுனியில் டெஸ்ட் லேம்ப் (கரண்ட் இருந்தால் எரியும் சின்ன விளக்கு) வையுங்கள். சாவி இல்லாமலே எரிந்தால், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, நுனிக்கு டேப் சுற்றுங்கள். மெக்கானிக் சொன்னாரென்று அதை எதனுடனும் இணைத்துவிடாதீர்கள்.