சபையில் ஒரு குரல், வீட்டில் ஒரு குரல்

கேள்வி: எனக்கு வயது 41. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சபையில் பாடகர் குழுவில் இருக்கிறேன், ஞாயிறு பள்ளியும் நடத்துகிறேன். பார்ப்பவர்களுக்கு நான் நல்ல விசுவாசி. ஆனால் அலுவலகத்தில் மேலாளர் சொல்கிறார் என்று, தாமதமாக வந்த பில்களுக்கு முந்தைய தேதி போட்டுக் கையெழுத்திடுகிறேன். வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். போன வாரம் என் 11 வயது மகன், "அம்மா, சர்ச்ல பேசும்போது உங்க குரல் வேற மாதிரி இருக்கு" என்றான். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. சபையிலும் ஒரு சகோதரியோடு 2 வருடமாகப் பேச்சு இல்லை. பெண்கள் ஐக்கியக் கணக்கில் ரசீது இல்லாத பணம் எங்கே போனது என்று எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார். மறுவாரமே ரசீதுகளைக் காட்டினேன். ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. இருவரும் ஒரே வரிசையில் நின்று திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்குகிறோம். எனக்குக் கை நடுங்குகிறது. நான் மாய்மாலக்காரியா? வேறு சபைக்குப் போய்விடவா? பாடகர் குழுவிலிருந்தாவது விலகிவிடவா?
– பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மூன்று தடவையும் உங்கள் மகன் சொன்ன இடத்தில் நின்றுவிட்டேன். அவன் உங்களைக் குற்றம் சாட்டவில்லை. காதில் விழுந்ததைச் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். அதனால்தான் அது இவ்வளவு ஆழமாகக் குத்தியிருக்கிறது.

முதலில் அந்த 'மாய்மாலக்காரி' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்வோம். சுவிசேஷத்தில் அந்த வார்த்தைக்கு மூலமாக வரும் கிரேக்கச் சொல், மேடையில் வேஷம் கட்டும் நடிகனைக் குறித்தது. நடிகனுக்கு ஜனங்களின் பார்வை போதும். உங்களுக்கு அது போதவில்லை, தூக்கம் போய்விட்டது. ஆகவே அந்தப் பெயரை நீங்களே உங்களுக்குச் சூட்டிக்கொள்ளாதீர்கள். நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள், இரண்டு மூன்று இடங்களில் தவறியும் இருக்கிறீர்கள். தவறு என்றால் சரிசெய்ய வழி உண்டு. 'நான் மாய்மாலக்காரி' என்று முத்திரை குத்திக்கொண்டால் அழுவதைத் தவிர வேறு ஒன்றும் செய்யத் தோன்றாது.

இரண்டு குரல் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கேட்டதும் பலரும், "சபையில் பேசுகிற மாதிரி வீட்டிலும் சாந்தமாகப் பேசப் பழகுங்கள்" என்றுதான் சொல்வார்கள். நான் அதற்கு முன் வேறொன்றைச் சொல்ல விரும்புகிறேன். வீட்டில் வருகிற அந்தக் குரலை ஜெபத்துக்குக் கொண்டு போங்கள். களைத்த, எரிச்சலான, "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்கிற குரல் இருக்கிறதே, அதையேதான். சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். "எதுவரைக்கும் கர்த்தாவே?" என்று 13-ஆம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரை புலம்பிவிட்டு, ஒரு ஆறுதலும் இல்லாமலே நின்றுவிடுகிறது. அதையும் ஆராதனைப் பாட்டாகத்தான் நம் முன்னோர் காத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் எரிச்சலைக் கர்த்தரிடம் மறைத்து, நல்ல வார்த்தைகளை மட்டும் அவருக்குக் கொடுத்தால், மிச்சம் எல்லாம் எங்கே போகும்? பிள்ளைகள்மேல்தான் போய் விழும். ஆண்டவரிடம் கொட்ட வேண்டியதை அவர்கள்மேல் கொட்டிக்கொண்டிருக்கிறோம். இதை நான் என் வீட்டிலும் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

அலுவலகத்திலிருந்து வந்து கதவைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அழகான ஜெபம் எதுவும் வேண்டாம். "ஆண்டவரே, இன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை, தலை வலிக்கிறது, இந்தக் கதவுக்குள் என்னோடு வாரும்" என்றால் போதும். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தின் கார்மேல் துறவற சபை மடம் ஒன்றில் லாரன்ஸ் என்ற சகோதரர் இருந்தார். முன்னாள் படைவீரர், காலில் காயம்பட்டவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையலறை வேலை. அந்த வேலை அவருக்குச் சுபாவமாகவே பிடிக்காது. பிடிக்காத அந்த வேலையிலேயே பல வருடங்கள் நின்று, பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவே கடவுளோடு பேசிப் பழகினார். முழங்காலில் நிற்கும் நேரம் ஒன்று, வேலை நேரம் வேறொன்று என்று அவருக்கு இல்லாமல் போனது. 1691-இல் இறந்தார். பெரிய பிரசங்கியார் அல்ல, பட்டம் படித்தவரும் அல்ல. ஆனாலும் ஆலோசனை தேடி ஆட்கள் அவரிடம் வந்தார்கள். பிடித்த வேலையில் ஆண்டவரை நினைப்பது பெரிதல்ல. அவர் பிடிக்காத வேலையில் நினைத்தார் என்பதுதான் என்னைத் தொடுகிறது.

மகனிடம் நீங்கள் இன்னும் பேசவில்லை என்று நினைக்கிறேன், கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. பேசுங்கள். "நீ சொன்னது சரிதான். உன்கிட்ட கத்தினது என் தப்பு. மன்னிச்சுடு" என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள். "ஆனா நீயும் சொன்ன பேச்சு கேட்கணும்ல" என்று வாலை ஒட்டாதீர்கள். அந்த 'ஆனா' வந்த உடனே மன்னிப்பு காணாமல் போய்விடும், பிள்ளைக்கு மிஞ்சுவது புத்திமதி மட்டும். ஞாயிறு பள்ளியில் ஒரு வருடம் நீங்கள் சொல்லிக்கொடுக்கிற பாடத்தைவிட இந்த மூன்று வாக்கியம் அவன் மனதில் நிற்கும்.

இனி அந்தச் சகோதரி.

மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் 23, 24 வசனங்களை நிதானமாக வாசியுங்கள். காணிக்கையோடு பலிபீடத்துக்கு முன் நிற்கும்போது, உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிறார் இயேசு. 'உன்பேரில் குறை' என்பதைக் கவனித்தீர்களா? யார்பேரில் நியாயம் என்று அங்கே பேச்சே இல்லை. சரி, எனக்குத்தானே அவர்பேரில் குறை என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு மாற்கு 11:25 இருக்கிறது: நின்று ஜெபம்பண்ணும்போது யார்பேரில் உனக்குக் குறை இருந்தாலும் மன்னி. குற்றம் செய்தவர் வரட்டும் என்று காத்திருந்தால், மத்தேயு 18:15 வந்து, நீயே போய் அவரோடு தனியாகப் பேசு என்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முதல் அடி நம்முடையதாகவே இருக்கிறது. எனக்கும் இது கசப்பான வசனம்தான். கசப்பாக இருப்பதால் அதைத் தள்ளிவைக்க முடியவில்லை.

ஆதி சபை இதை எவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொண்டது என்பதற்கு ஒரு சான்று. திதாக்கே என்று ஒரு சிறு கையேடு இருக்கிறது. முதல் நூற்றாண்டின் இறுதியை அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். நெடுங்காலம் காணாமல் கிடந்து, 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு நூலகத்தில் கிடைத்தது. கர்த்தருடைய நாளில் அப்பம் பிட்கக் கூடும்போது, தோழனோடு சண்டையிலிருப்பவர்கள் ஒப்புரவாகும்வரை கூட்டத்தில் சேர வேண்டாம் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆக, உங்கள் கை நடுங்குவது பலவீனம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பந்திக்கு உண்மையாகவே அவ்வளவு கனம் இருக்கிறது.

அதற்காகத் திருவிருந்தை விட்டு ஒதுங்கவும் வேண்டாம். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். அதைக் கண்டித்த அப்போஸ்தலன் பவுல்கூட, மனுஷன் தன்னைத்தானே சோதித்தறிந்து இந்த அப்பத்தில் புசிக்கட்டும் என்றுதான் எழுதினார். சோதித்துப் பார், பிறகு வா என்பதுதான் அவர் சொல்வது.

போய் என்ன பேசுவது? என் கதையைச் சொல்கிறேன். எங்கள் சபையில் ஒருவரோடு நான் 4 வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் என்னைப் பற்றி இன்னொருவரிடம் சொன்னது என் காதுக்கு வந்தது, அதில் பாதி பொய். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வழி முழுக்க என்ன பேச வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். கதவைத் திறந்தவர் கையெல்லாம் சோப்பு நுரை, துணி துவைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார். மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துபோனது. "உங்களைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றேன். உள்ளே வாங்க என்றார். முக்கால் மணி நேரம் பேசினோம், அதில் பழைய விஷயம் ஐந்து நிமிடம்கூட இருக்காது. அந்த ஐந்து நிமிடத்தில், நான் அவரை ஒரு கூட்டத்தில் பேச்சை வெட்டி உட்கார வைத்தது அவருக்கு எவ்வளவு வலித்தது என்று சொன்னார். எனக்கு அது நினைவிலேயே இல்லை. இன்று நாங்கள் நெருங்கிய நண்பர்கள் இல்லை. ஆனால் அவர் ஜெபிக்கும்போது நான் மனதார ஆமென் சொல்ல முடிகிறது.

நீங்களும் தனியாகப் போங்கள். ரசீதுகளைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். "அன்றைக்கு எல்லார் முன்னாலும் கேட்டது எனக்கு ரொம்ப வலித்தது. அதற்கப்புறம் 2 வருடம் உங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன், அது என் தப்பு" என்று ஆரம்பிக்கலாம். அவர் கேட்ட கேள்வியையும் கொஞ்சம் நியாயமாக யோசியுங்கள். கேட்ட விதம் தவறு, சந்தேகமில்லை. பொதுப்பணத்தைப் பற்றிக் கேட்டது தவறாகாது. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகக் கையாளவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட சகோதரர்களையும் கூடவே வைத்துக்கொண்டார். யாரும் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது, கர்த்தருக்கு முன் மட்டுமல்ல மனுஷருக்கு முன்பும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8). கணக்குத் தெரிந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஐக்கியக் கணக்கில் இனி இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும் என்று நீங்களே முன்மொழிந்தால், அந்தச் சகோதரிக்கே அது ஒரு பதிலாக இருக்கும்.

தனியாகப் பேசி ஒத்துவரவில்லை என்றால், இருவரும் மதிக்கிற ஒருவரைக் கூப்பிடுங்கள். பிலிப்பி சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள், இருவரும் சுவிசேஷத்துக்காகப் பவுலோடு பாடுபட்டவர்கள், மனம் ஒத்துப்போகாமல் இருந்தார்கள். பவுல் இருவருக்கும் தனித்தனியே புத்தி சொல்கிறார், யார் பக்கம் நியாயம் என்று ஒரு வார்த்தை இல்லை. இன்னொருவரை அழைத்து, இவர்களுக்கு உதவியாயிரு என்கிறார். நல்ல ஊழியக்காரிகளுக்கும் மனஸ்தாபம் வரும், அதைத் தீர்க்க மூன்றாவது ஆள் தேவைப்படலாம். இதில் வெட்கம் ஏதுமில்லை. அதற்குப் பிறகும் அவர் மனம் இளகவில்லையா? உங்கள் பங்கு முடிந்தது, கை நடுங்காமல் பந்திக்குப் போங்கள்.

அலுவலக விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: பொய்த் தேதி போடுவதை நிறுத்த வேண்டும். அது பாவம் என்பதோடு, நாளைக்குத் தணிக்கையில் மாட்டினால் காகிதத்தில் இருக்கப்போவது உங்கள் கையெழுத்து. மறுப்பதை மட்டும் சண்டையாக்காதீர்கள். பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட தானியேல், அந்த ராஜாவின் போஜனத்தை வேண்டாம் என்றபோது முகத்தில் அடித்தாற்போல் சொல்லவில்லை. முதலில் அதிகாரியிடம் வேண்டிக்கொண்டான். அவர் தன் தலைக்கு ஆபத்து வருமே என்று பயந்தார். பிறகு விசாரிப்புக்காரனிடம், பத்து நாள் பரீட்சை வைத்துப் பாரும் என்று ஒரு மாற்றுவழியைக் கையில் கொடுத்தான். நீங்களும் அப்படிச் செய்யலாம்: "சார், வந்த தேதியையே போட்டுவிட்டு, ஏன் தாமதம் என்று ஒரு குறிப்பு இணைத்து அனுப்புகிறேன். யாராவது கேட்டால் நானே விளக்கிவிடுகிறேன்." மேலாளருக்கு வேண்டியது பெரும்பாலும் பொய் அல்ல, பிரச்சினை வராமல் இருந்தால் போதும். ஒத்துக்கொள்ளாமல் நெருக்கினால், அவர் சொன்னதை எழுத்தில் கேளுங்கள், அமைதியாக வேறு வேலையும் தேடத் தொடங்குங்கள். இதனால் நஷ்டமே வராது என்று நான் சொல்ல மாட்டேன், வரலாம். அதை வீட்டில் கலந்து பேசி, ஜெபித்துவிட்டு எடுக்கிற முடிவாக எடுங்கள்.

சபை மாறுவது? இப்போது வேண்டாம். ஒன்றாக ஊழியம் செய்த பவுலும் பர்னபாவும், மாற்குவைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்பதில் பிரிந்தே போனார்கள், அதை வேதம் மறைக்கவில்லை. பிரிய வேண்டிய நேரங்களும் உண்டு. குறிப்பாக ஒரு சபையில் கொடுமையோ மிரட்டலோ நடந்தால் ஒரு நாள்கூட இருக்கச் சொல்ல மாட்டேன். உங்கள் விஷயம் அது இல்லை. பேசாத ஒரு சகோதரியிடமிருந்து தப்பிக்கப் போனால், போகிற சபையிலும் 2 வருடத்துக்குள் இன்னொருவர் இருப்பார்.

பாடகர் குழுவிலிருந்தும் விலக வேண்டாம். அடுத்த திருவிருந்து ஞாயிறு என்றைக்கு என்று பாருங்கள். அதற்கு முந்தைய வாரத்தில் ஒரு சாயங்காலத்தை அந்தச் சகோதரிக்கென்று ஒதுக்குங்கள். மகனிடம் பேச அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, இன்று இரவு அவன் தூங்கப் போவதற்கு முன்பே பேசிவிடலாம்.