வாசகர் கேள்வி பதில்: கிளாரினெட்டுக்கு ஒரு புதிய கன்செர்ட்டோ

கேள்வி: என் மகள் இசைக் கல்லூரியில் கிளாரினெட் படிக்கிறாள். உடன் படிக்கும் ஒருவர் அவளுக்காகக் கன்செர்ட்டோ (ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒரு தனி வாத்தியம் வாசிக்கும் படைப்பு) எழுதுகிறார். ஆறு மாதத்தில் அரங்கேற்றம், ஸ்கோர் (எல்லா வாத்தியத்துக்குமான முழு இசைத்தாள்) இன்னும் முடியவில்லை. அதுவரை அவள் என்ன செய்யலாம்?
– வாசகி, செங்காங்

பதில்: ஸ்கோர் முடியட்டும் என்று சும்மா இருக்கவே கூடாது. வாத்தியக்காரர் எல்லார் கைக்கும் தாள் போனபிறகு ஒரு சுரத்தை மாற்றுவதுகூடத் தலைவலி. இப்போதே எழுதுபவரை உட்காரவைத்து, மகளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் விரல். சாதாரணக் கிளாரினெட்டில் ஈ-பிளாட் சாவி வலக்கைச் சுண்டுவிரலுக்கு மட்டுமே உண்டு. அதற்கு முந்திய சுரத்துக்கும் அதே விரல் தேவைப்பட்டால் சாவிக்குச் சாவி வழுக்க வேண்டிவரும், வேகத்தில் பிசிறும். கணினியில் எழுதுபவர் கண்ணில் இது படாது. கணினி எதையும் வாசித்துவிடும், மூச்சும் வாங்காது!

நடுவில் ஜி முதல் பி-பிளாட் வரையுள்ள 'தொண்டைச் சுரங்கள்' மெலிந்தவை. அங்கே டிராம்போனும் வயோலாவும் கூடினால் சோலோ அமுங்கிப்போகும். ஒரே நேரத்தில் பல சுரம் எழுப்பும் மல்டிபோனிக்ஸ் கேட்டால், அவளுடைய மவுத்பீஸிலும் ரீடிலும் (சீவாளி) பேசுபவற்றைப் பதிவுசெய்து, விரல்படத்தோடு கொடுக்கட்டும். புத்தகத்தில் உள்ளதெல்லாம் எல்லா வாத்தியத்திலும் பேசாது. கமகம் வேண்டுமென்றால் தயங்க வேண்டாம். வளையச் சாவிகளின் துளைகளை விரலால் மெல்லத் திறந்து சறுக்கலாம். ஏ.கே.சி. நடராஜன் கர்நாடக இசை முழுவதையும் இதே வாத்தியத்தில் வாசித்தவர்தானே.

மாற்றச் சொல்வதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை. 1950இல் அரங்கேறிய அமெரிக்க இசையமைப்பாளர் கோப்லண்டின் கன்செர்ட்டோவில், அதை வாசித்த ஜாஸ் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனுக்காக இறுதிப் பகுதியின் சில உச்சிச் சுரங்கள் இறக்கி எழுதப்பட்டன.

ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒத்திகை பெரும்பாலும் இரண்டு மூன்றுதான் கிடைக்கும். ஆகவே ஆர்க்கெஸ்ட்ரா பகுதியைப் பியானோவுக்கு அடக்கி எழுதும் பியானோ சுருக்கத்தையும் இப்போதே கேட்டு வாங்குங்கள். நீண்ட ஓய்வுக்குப் பிறகு நுழையும் இடங்களில், முன்னால் எந்த வாத்தியம் என்ன வாசிக்கிறது என்பதைத் தன் தாளில் பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: வீட்டில் சரியாக இருக்கும் கிளாரினெட் சுருதி ஏசி மண்டபத்தில் ஏன் இறங்குகிறது? மரம் வெடிக்கும் என்கிறார்களே, நிஜமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: குழலுக்குள் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் சுருதி சுமார் 3 சென்ட் இறங்கும் (அரைச் சுரம் 100 சென்ட்). 66 மி.மீ. பேரலோடு (மவுத்பீஸுக்கு அடுத்த சிறு குழல்), சுருதியை ஏற்ற 65 மி.மீ. ஒன்றும் பெட்டியில் இருக்கட்டும். மேடை விளக்கில் சுருதி ஏறினால் பேரலை மட்டும் அதிகம் இழுக்காதீர்கள், தொண்டைச் சுரங்கள்தான் முதலில் இறங்கிப்போகும். நடு இணைப்பையும் கொஞ்சம் இழுத்துப் பகிருங்கள். ஆர்க்கெஸ்ட்ரா தனியாக வாசிக்கும்போது சத்தமின்றி வெப்பமூச்சை உள்ளே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அரைச் சுரம் தாழ்ந்த ஏ கிளாரினெட்டுக்கு மாறும் இடமிருந்தால் அதற்கும் இப்படியே.

வெடிப்பது நிஜம்தான். குளிர்ந்த மரத்துக்குள் சூடான ஈரமூச்சு பாய்ந்தால் உட்புறம் விரியும், வெளிப்புறம் விரியாது. பெரும்பாலும் மேல்துண்டில்தான் கீறல் விழும். மண்டபத்துக்கு முன்னதாகவே போய், மேல்துண்டைக் கைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டு ஊதுங்கள். துளையில் நீர் களகளத்தால் சிகரெட் தாளைத் துளையை மூடும் பேடுக்கு அடியில் வைத்து ஒற்றினால் போதும்.

கேள்வி: புதிய கன்செர்ட்டோவை மனப்பாடமாக வாசிக்க வேண்டுமா?
– வாசகர், ஈசூன்

பதில்: வேண்டாம். புதிய படைப்பில் கடைசி ஒத்திகையிலும் திருத்தம் வரும். கேடென்சா (ஆர்க்கெஸ்ட்ரா இல்லாமல் தனியாக வாசிக்கும் பகுதி) மட்டும் மனதில் இருக்கட்டும். இசைத்தாள் ஸ்டாண்டை இடுப்பளவுக்கு இறக்கிச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். கிளாரினெட்டின் ஒலி பெரும்பாலும் விரல்துளைகள் வழியேதான் வெளிவருகிறது, நெஞ்சளவு ஸ்டாண்ட் அதை மறித்துவிடும்.