திரை இல்லாத சேர்வரில் குள நீர்மட்ட வரைபடம் வரைவது எப்படி?

கேள்வி இதுதான்: ஒருவர் உன்னிச்சைக் குளத்தின் தினசரி நீர்மட்டத்தை மட்பிளொட்லிப் என்ற பைதன் வரைபட நூலகத்தில் வரைந்து இணையப் பக்கத்தில் போடுகிறார். மட்டக்களப்பில் லப்டொப்பில் ஓடுகிறது, வாடகைச் சேர்வரில் "டிஸ்ப்ளே இல்லை" என்று நிற்கிறது. எக்ஸ்விஎஃப்பி போடலாமா?

வேண்டாம். அது பொய்த் திரை ஒன்றை ஓட்டும் வேலை. பிஎன்ஜி படக் கோப்பு எழுதுவதற்குத் திரையே தேவையில்லை, மட்பிளொட்லிப்பில் படத்தை வரைந்து தரும் உட்பகுதியான பேக்எண்டுகளில் அக் என்பது போதும். இப்போதைய பதிப்புகள் திரை இல்லாவிட்டால் தாமாகவே அக்குக்கு மாறிவிடும். அப்படியும் பிழை வந்தால், ஒன்றில் பதிப்புப் பழையது, அல்லது நிரலிலோ அமைப்புக் கோப்பிலோ திரை கேட்கும் பேக்எண்டான டிகேஅக் என்று எழுதிக் கிடக்கிறது. முதலில் அதைத் தேடி அழியுங்கள்.

அதோடு மட்பிளொட்லிப்பின் சுருக்கு வழியான பைப்ளொட்டையும் விட்டுவிடுங்கள். திறந்த படம் ஒவ்வொன்றையும் மூடச் சொல்லும்வரை அது மெமரியில் வைத்திருக்கும். இருபதைத் தாண்டினால்தான் எச்சரிக்கும். "நடப்புப் படம்" என்று ஒன்றையே சேர்வரில் இணையாக ஓடும் எல்லா திரெட்டுக்கும் பொதுவாக வைப்பதால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறந்தால் உன்னிச்சையின் கோடு நவகிரிக் குளத்தின் படத்துக்குள் போய் விழலாம். ஃபிகர் வகுப்பை நேரே அழைத்து, 8க்கு 4 அங்குலம், டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்) 100 கொடுங்கள்: 800க்கு 400 பிக்சல் வரும். பைட்ஸ்ஐஓ என்ற மெமரிக் கோப்பில் சேமித்து, அனுப்புமுன் சீக் 0 செய்து வாசிப்பிடத்தைத் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அதை மறந்தால் வெறும் படம்தான் போகும்.

சேர்வர் பயனருக்கு எழுதக்கூடிய ஹோம் ஃபோல்டர் இல்லையென்றால், மட்பிளொட்லிப் எழுத்துருப் பட்டியலை ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிதாகக் கட்டும். முதல் படம் இழுபடும். எம்பிஎல்கன்ஃபிக்டிர் என்ற சூழல் மாறியில் எழுதக்கூடிய ஃபோல்டர் ஒன்றைக் கொடுங்கள்.

பெரிய தொல்லை தமிழ்தான். இயல்பாக வரும் டெஜாவு சான்ஸில் தமிழ் இல்லை, பெட்டி பெட்டியாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழைப் போட்டு, பழைய எழுத்துருக் கேஷை அழித்தால் பெட்டி போகும், ஆனால் "உன்னிச்சை"யில் ஐகாரக் குறி சகரத்துக்கு வலப்பக்கம் நிற்கும், "குளம்" என்பதில் ககரமும் உகரக் குறியும் ஒட்டாது. எழுத்துக்களைச் சேர்த்து அடுக்கும் வேலையை மட்பிளொட்லிப் நெடுங்காலம் செய்ததில்லை.

என் தெரிவு எஸ்விஜி, பிரவுசரே வரையும் பட வடிவம். "எஸ்விஜி ஃபொண்ட்டைப்" அமைப்பை "நன்" என்று வையுங்கள். எழுத்து எழுத்தாகவே போகும், பிரவுசர் அதைச் சரியாக அடுக்கும். ஆனால் எஸ்விஜியை எச்டிஎம்எல் படக் குறிச்சொல்லில் போட்டால் பக்கத்தின் வெப் எழுத்துரு உள்ளே எட்டாது, பார்ப்பவரின் போனில் உள்ளதைத்தான் எடுக்கும். பிஎன்ஜிதான் வேண்டுமென்றால் தமிழ்த் தலைப்பைப் படத்தில் எழுதாமல் எச்டிஎம்எல்லில் மேலே எழுதுங்கள்.