பி கம்பியின் முதல் நாலு ஃப்ரெட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

15 வருடமாக நாலு கம்பி ஜாஸ் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். திருச்சி வட்டாரத்தில் மெல்லிசைக் கச்சேரி, ஞாயிற்றுக்கிழமை சர்ச், அவ்வப்போது ரெக்கார்டிங். பாடகர்கள் சுருதியை இறக்கச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒன்றரைக் கட்டை, இரண்டரைக் கட்டை என்றால், என் அடிக் கம்பி ஈயோடு நின்றுவிடுவதால் ஷட்ஜத்தை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வாசிக்க வேண்டியிருக்கிறது, பாட்டுக்கு அடி இல்லாமல் போகிறது. ஈக்குக் கீழே பி கம்பியும் உள்ள ஐந்து கம்பிக்கு மாறலாம் என்று பணம் சேர்த்துவிட்டேன். பழையதாக இரண்டு கைக்கு எட்டுகின்றன, விலையும் ஏறத்தாழ ஒன்றுதான்: சடோவ்ஸ்கி மெட்ரோலைன் 21 ஃப்ரெட் (ஃப்ரெட் என்பது வீணையின் மெட்டு போன்றது), டிங்வால் ஏபிஇசட். "34 அங்குல நீளத்தில் பி கம்பி வெறும் உறுமல்" என்கிறார்கள் சிலர். "சாய்ந்த ஃப்ரெட்டில் கை கெட்டுப்போகும்" என்கிறார்கள் மற்றவர்கள். எதை வாங்கட்டும்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

பாதிப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒன்றரைக் கட்டை சி ஷார்ப், அதாவது பி கம்பியில் 2ஆவது ஃப்ரெட், 34.65 ஹெர்ட்ஸ். இரண்டரை டி ஷார்ப், 4ஆவது ஃப்ரெட். புதுக் கிட்டார் உங்களுக்காக உழைக்கப்போவது பி கம்பியின் முதல் நாலு ஃப்ரெட்டில். இரண்டு கிட்டாருக்கும் உள்ள பெரிய வேறுபாடும் அங்கேதான். மரம், பளபளப்பு, பிராண்டின் பெயர் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

முதலில் அந்த "உறுமல்" விஷயம். பி கம்பியைத் திறந்து மீட்டினால் 30.87 ஹெர்ட்ஸ். மேடையில் வைக்கும் சாதாரண ஆம்ப் பெட்டி அவ்வளவு கீழே தெம்பாகப் பேசாது. நம் காதுக்கு எட்டுவது பெரும்பாலும் 62, 93, 124 என்று மேலே அடுக்கப்பட்ட துணைச்சுரங்கள்தான். அவை சரியான மடங்குகளில் நின்றால் காது "இது பி" என்று உடனே பிடித்துக்கொள்ளும். தடித்த கம்பி கொஞ்சம் இரும்புக் கழி போல விறைப்பாக நடந்துகொள்வதால், மேலே போகப் போக துணைச்சுரங்கள் சுருதியில் சற்று உயர்ந்து விலகும். சுருதி எது என்று புலப்படாத குழப்பம் இதனால்தான்.

கம்பியை நீட்டினால் இந்த விலகல் குறைகிறது. அதே கம்பியை அதே சுருதிக்கு 34 அங்குலத்துக்குப் பதில் 37 அங்குலத்தில் கட்டினால் இழுவிசை 18 சதவீதம் கூடும், துணைச்சுரங்களின் விலகல் ஏறத்தாழ 29 சதவீதம் குறையும். டிங்வால் செய்வது இதைத்தான்: பி 37 அங்குலம், ஜி 34 அங்குலம், நடுவில் உள்ளவை படிப்படியாக. அதனால்தான் ஃப்ரெட் சாய்ந்து நிற்கிறது. யாழில் ஒவ்வொரு நரம்புக்கும் அதற்கேற்ற நீளம் இருப்பது போலத்தான். ஃப்ரெட் உள்ள கருவியிலும் இது புதிதில்லை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வாசிக்கப்பட்ட ஆர்ஃபேரியன் என்ற கம்பி வாத்தியத்திலேயே சாய்ந்த ஃப்ரெட் உண்டு.

ஆனாலும் "34 அங்குலத்தில் பி வராது" என்று ஒரேயடியாகச் சொல்வது தவறு. சடோவ்ஸ்கியின் ஐந்து கம்பி எல்லாமே 34 அங்குலம்தான், உலகம் முழுக்க ஸ்டுடியோக்களில் அவற்றை வைத்து வேலை நடக்கிறது. நெக் (ஃப்ரெட் பதித்த கழுத்து) விறைப்பாக இருந்து, உடலோடு இடைவெளி இல்லாமல் பொருந்தி, கம்பி புதிதாகவும் இருந்தால் அந்த பி நன்றாகவே பேசும். கெட்ட பி என்று வருபவற்றில் பல, .125 அங்குலத் தடிமன் கம்பிக்கு வெட்டிய நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் பள்ளக் கட்டை) .130 கம்பி முழுசாக இறங்காமல் மேலே உட்கார்ந்திருப்பவை. இன்னொரு காரணம், கம்பி மாற்றியபின் நட்டிலும், மறுமுனையில் பிரிட்ஜின் சேடிலிலும் கட்டைவிரலால் அழுத்தி மடிப்பு உண்டாக்காமல் விடுவது. கம்பி அங்கே வளைந்து மிதந்துகொண்டிருக்கும், சுருதி நிற்காது. அழுத்திவிட்டாலே பாதி உறுமல் போகும்.

சடோவ்ஸ்கியைப் பார்க்கும்போது எந்த வருடத்தியது என்று கேளுங்கள். 2020 முதல் மெட்ரோலைன் ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஹனில் வார்விக் ஆலையில் செய்யப்படுகிறது, அதற்கு முந்தைய மெட்ரோ ஜப்பானில் செய்யப்பட்டது. இரண்டும் நல்ல வேலைப்பாடுதான், ஆனால் விலை பேசும்போது எது என்று தெரிந்திருக்க வேண்டும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரைச்சல் நீக்கும் வகை என்பதால் ஜெனரேட்டரும் டிம்மர் விளக்கும் உள்ள மேடையில் ரீங்காரம் வராது. இது பெரிய நிம்மதி.

அதன் ப்ரீஆம்பில் (கிட்டாருக்குள்ளேயே ஒலியைத் திருத்தும் மின்சுற்று) பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பேஸ் குமிழும் ட்ரெபிள் குமிழும் கூட்ட மட்டுமே செய்யும், குறைக்காது. மற்றப் பல கிட்டார்களில் நடுவில் வைத்தால் ஃப்ளாட், அதாவது கூட்டலும் இல்லை குறைத்தலும் இல்லை, இதில் முழுக்கக் கீழே திருப்பினால்தான் ஃப்ளாட். பழக்கத்தில் நடுவில் வைத்தால் 40 ஹெர்ட்ஸ் பக்கம் பாதி அளவு கூடியிருக்கும், பி கம்பி கொழகொழவென்று ஆம்பை அடைத்துவிடும். கடையில் வாசித்துப் பார்த்துவிட்டு "பி சரியில்லை" என்று வைத்துவிட்டுப் போகிறவர்கள் பலர் இந்தக் குமிழால்தான் போகிறார்கள். இரண்டையும் கீழே இறக்குங்கள். டோன் குமிழை இழுத்துவிட்டால் ப்ரீஆம்பே விலகிக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் அப்படியே வாசியுங்கள்.

டிங்வால் ஏபிஇசட் கனடாவின் சாஸ்கட்டூனில் செய்யப்படுவது. பிக்கப்பை நாலு நிலையில் மாற்றும் சுழல் சுவிட்ச் உண்டு: தனித்தனியாக இரண்டு, இரண்டும் சேர்ந்து பேரலல், சீரிஸ். சீரிஸில் ஒலியின் நடுப்பகுதி தடித்து முன்னால் வரும். மெல்லிசை மேடையில் தவிலும் பேடும் நிறைந்திருக்கும்போது அந்த நிலை பயன்படும். ப்ரீஆம்ப் ஆர்டர் செய்தவரின் விருப்பப்படி மாறும், ஆகவே உங்களுக்கு வரும் கிட்டாரில் எது இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இப்போது கை. சாய்ந்த ஃப்ரெட்டைக் கண்ணால் பார்த்தால்தான் பயம். நெக்கின் நடுப்பகுதியில் கை தன் இயல்பான கோணத்திலேயே விழும், அரை மணி நேரத்தில் பலருக்கும் பழகிவிடும். உண்மையான சிரமம் நீட்சி. பி கம்பியில் 1ஆவது ஃப்ரெட்டிலிருந்து 4ஆவது ஃப்ரெட் வரை 34 அங்குலக் கிட்டாரில் ஏறக்குறைய 130 மில்லிமீட்டர். டிங்வாலில் 141. இந்த 11 மில்லிமீட்டர்தான் கையைக் கெடுக்கும் என்று சொல்லப்படுவது. ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று பிடிவாதமாக வாசித்தால் மூன்று மணி நேரக் கச்சேரியில் மணிக்கட்டு வலிக்கும். கீழ் நாலு ஃப்ரெட்டில் நிறுத்தி வைத்து வாசிக்கும் காண்ட்ராபாஸ் வாத்தியக்காரர்கள் செய்வது போல ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் என்று மூன்று ஃப்ரெட்டை மட்டும் மூடி, நாலாவதற்குக் கையையே நகர்த்துங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாத கை என்றால் டிங்வால் வேண்டாம்.

வலது கைக்கும் ஒரு கணக்கு. பிரிட்ஜில் கம்பிகளின் இடைவெளி சடோவ்ஸ்கியில் 19 மில்லிமீட்டர், டிங்வாலில் 18. கட்டைவிரலால் கம்பியை அறைந்து ஸ்லாப் செய்பவருக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் தெரியும், விரலால் மட்டும் மீட்டுபவருக்கு 18 வேகம் தரும்.

வாசித்துப் பார்க்கும்போது மூன்று சோதனை. திறந்த ஈ கம்பியை மீட்டுங்கள், உடனே பி கம்பியின் 5ஆவது ஃப்ரெட்டில் அதே ஈயை மீட்டுங்கள். இரண்டும் ஒரே ஆள் பேசுவது போல இருக்க வேண்டும். ஒன்று வேறு அறையிலிருந்து வருவது போல இருந்தால் கம்பி, நட், செட்டப் மூன்றையும் பாருங்கள். அடுத்து ஜி கம்பியில் 4 முதல் 8 வரை ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் நாலு நொடி விடுங்கள். ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்தால் அது டெட் ஸ்பாட், நெக்கைப் போல்ட்டால் பூட்டிய பேஸ்களில் அடிக்கடி வரும். நெக்கின் தலையான ஹெட்ஸ்டாக்கில் ஓர் எடையைக் கவ்வவிட்டால் அது அடுத்த ஃப்ரெட்டுக்கு நகரலாம், முழுக்கப் போகாது. விலையைக் குறைக்க இது நியாயமான காரணம். மூன்றாவது, முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு 7ஆவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் அளவு போதும். அதிகமாக இருந்தால் நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடை, விற்பவரே உங்கள் கண்ணெதிரே கால் சுற்று திருப்பச் சொல்லுங்கள். ராட் திரும்பாவிட்டால் வாங்காதீர்கள், நம் ஊர் மழைக்காலத்துக்கும் மே மாதத்துக்கும் நடுவே அதைத் திருப்பாமல் வருடம் ஓடாது.

என் முடிவைக் கேட்டீர்கள். உங்களுக்கு டிங்வால். உங்களிடம் ஏற்கெனவே ஒரு ஜாஸ் பேஸ் இருக்கிறது. சடோவ்ஸ்கி அதே குரலின் மிகச் சிறந்த வடிவம், ஆனால் அதே குரல். உங்களுக்குக் குறைவது ஒன்றரைக் கட்டையில் தெளிவாக நிற்கும் ஒரு ஷட்ஜம், அதை 37 அங்குலம் கூடுதல் உறுதியோடு தரும். ஸ்லாப் வரும் பாட்டுகளுக்குப் பழைய நாலு கம்பியை விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரியில் பாதிப் பாட்டு ஸ்லாப் என்றாலோ, மேலே சொன்ன நீட்சி ஒத்துவராவிட்டாலோ மட்டும் சடோவ்ஸ்கிக்குப் போங்கள்.

எதை வாங்கினாலும் மிக்ஸரில் உங்கள் சேனலின் லோ கட் பொத்தானைப் பாருங்கள். சிறிய மிக்ஸர்களில் அது 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும். அழுத்தியிருந்தால் சி ஷார்ப்பின் 34.65, அதன் இரட்டிப்பான 69 இரண்டுமே மெலிந்துவிடும், அப்புறம் எந்தக் கிட்டாரும் ஒன்றுதான்.

டிங்வாலுக்குப் பணம் கொடுக்கும் முன் கம்பிக்கு வழி செய்யுங்கள். 34 அங்குலத்துக்கான சாதாரண பி கம்பியில் முழுச்சுற்று நட்டை எட்டும் முன்பே முடிந்து, மெல்லிய வால் பகுதி நட்டின் மேல் உட்காரும், கம்பி அதிரும். ஈ கம்பியும் 36 அங்குலத்துக்கு மேல் என்பதால் அதற்கும் இதே கதி. 37 அங்குலத்துக்கென்றே வரும் செட் நம் ஊர்க் கடையில் திடீரென்று கிடைக்காது, குறைந்தது இரண்டு செட் முன்கூட்டியே வரவழையுங்கள். வெட்டும்போது, வெட்டப்போகும் இடத்துக்கு ஒரு விரல்கடை முன்னால் கம்பியைச் செங்குத்தாக மடித்துவிட்டு அதற்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் உள்கம்பியின் மேல் சுற்று நழுவி, புது பி கம்பி முதல் நாளே செத்துவிடும்.