மண்டபத்துப் பையனுக்கு ஊரிலிருந்து என்ன கொண்டுவரலாம்?

தம்பி, சார்ஜாவுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது, அக்கா கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவில் ராமநாதபுரம் போகிறேன் என்று எழுதியிருந்தாய். உன் அறையில் இருக்கும், ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊர்ப் பையனுக்கு இந்த வருடம் லீவு கிடையாது, சோறு இறங்காமல் சுருண்டு கிடக்கிறான். ஆறு கிலோவுக்குள் அவனுக்கு என்ன கொண்டுவரலாம் என்பது உன் கேள்வி.

முறுக்கு, மிக்சர், அல்வா, நல்லெண்ணெய் எல்லாவற்றையும் விட்டுவிடு. சார்ஜா ரோலாவிலும் துபாய் கராமாவிலும் கிடைப்பதை மதுரை விமான நிலையம் வரை சுமப்பது எடைக்குக் கேடு. ராமேசுவரத்துக் கடைகளில் தொங்கும் சிப்பி மாலை, சங்கு பொம்மை வகையும் வேண்டாம். ஊர் ஞாபகத்தில் கிடப்பவனுக்குப் பார்க்கிற பொருளைவிடத் தின்று தீர்க்கிற பொருள்தான் கேட்கும். அதிலும் பவளத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை பக்கமே போகாதே. 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை அவை, சிக்கினால் வழக்குதான்.

‘ராமநாதபுரம் ஸ்பெஷல்’ என்று கடையில் கேட்டு வாங்குவதிலும் அர்த்தமில்லை. கீழக்கரை அடுப்படி வேறு, தங்கச்சிமடத்து அடுப்படி வேறு, தொண்டி வேறு. ஊருக்குப் போன மறுநாளே அவன் அம்மாவுக்குப் போன் போடு. வீட்டில் மீன் குழம்புக்கு என்ன பொடி, அவன் விரும்பித் தின்பது எந்தக் கருவாடு, இனிப்பில் எது என்று மூன்றே கேள்வி. மீதிப் பட்டியல் அவர்கள் வாயிலிருந்தே வந்துவிடும்.

குழம்புப் பொடிதான் முதல் பொருள். ஒற்றை ஆளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கிலோவுக்குள் போதும். அரைக் கிலோ மல்லி, கால் கிலோ முண்டு மிளகாய் வத்தல், 50 கிராம் சீரகம், 25 கிராம் மிளகு, 25 கிராம் விரலி மஞ்சள், 10 கிராம் வெந்தயம் என்பது நம் பக்கத்துக்குப் பொதுவான அளவு. அவன் அம்மா வேறு கணக்குச் சொன்னால் அதுவே சரி. ஒரு வெயில் நன்றாகக் காயவைத்து மில்லில் அரைக்கக் கொடு. மில்லிலிருந்து பொடி சூடாக வரும். அந்தச் சூட்டோடு கட்டினால் உறைக்குள் வேர்த்து, இரண்டே வாரத்தில் கட்டிதட்டிப் பூஞ்சை பிடிக்கும். பேப்பரில் பரப்பி மூன்று நான்கு மணி நேரம் ஆறவிட்டு, இரட்டை உறையில் கட்டி, மூடி இறுகும் டப்பாவில் வை. உறை மட்டும் என்றால் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையெல்லாம் சிவந்துபோகும்.

அரைக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்: பொடியில் கசகசா சேர்க்கிறார்களா? குருமா மசாலாவில் பல வீடுகளில் போடுவார்கள். அமீரகத்தில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். சமையலுக்குத்தான் என்று சொன்னாலும் சுங்கத்தில் எடுபடாது. வெற்றிலை, பாக்குப் பொட்டலமும் அப்படியே.

அடுத்தது கருவாடு. அவன் அம்மா சொல்கிற மீனை வாங்கு. அவர்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் நெத்திலி அரைக் கிலோ, வாளையோ சீலாவோ அரைக் கிலோ எடு. வாங்கும்போது ஒன்றைக் கையில் எடுத்து வளைத்துப் பார். நெத்திலி படக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது. பெரிய மீனில் முள்ளை ஒட்டிய சதையை நகத்தால் அமுக்கு, பிசுபிசுத்தால் வேண்டாம். கரை மணலில் போட்டுக் காயவைத்ததைவிட வலையிலோ சிமெண்டுத் தளத்திலோ காயவைத்தது நல்லது. மணல் ஏறிய நெத்திலியை எத்தனை தண்ணீரில் அலசினாலும் பல்லில் நறநறக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ந்த சரக்கு நம்பிக்கை இல்லாதது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம் என்பதால் அப்போது வரத்து குறையும், பழைய சரக்கைப் புதிது என்று தள்ளிவிடுவார்கள். மூக்கருகே வைத்தால் தெரிந்துவிடும்: புதிதில் உப்பும் கடலும் மணக்கும், பழையதில் சிக்கெண்ணெய் வாடை அடிக்கும்.

கட்டுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நெத்திலித் தலையைக் கிள்ளிவிட்டு, வெறும் சட்டியில் சூடு ஏறும் வரை புரட்டி ஆறவை. பெரிய கருவாட்டின் துடுப்பு முனையையும் வாலையும் கத்தரிக்கோலால் நறுக்கு. இல்லையென்றால் காற்று உறிஞ்சிக் கட்டும் உறையை அவை குத்திக் கிழித்து, பெட்டி முழுக்க நாறும். வாக்குவம் பேக்கிங் செய்கிற கடையில் இரண்டு உறை போடச் சொல்லி, அதையும் டப்பாவுக்குள் இறக்கிவிடு. இங்கே வந்ததும் ஃப்ரீசரில் வை. அறையில் வேறு மாநிலத்து ஆட்கள் இருந்தால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. கருவாடு வறுத்து அறையே இரண்டாகிப்போன கதைகள் இங்கே ஏராளம்.

முண்டு வத்தல் அரைக் கிலோ தனியாக எடு, தாளிக்க. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயரில் எதையும் விற்கிறார்கள். உருண்டையாக, தோல் தடித்து, கருஞ்சிவப்பாக, காம்போடு இருக்க வேண்டும். குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும். வெளுத்த சோடை வத்தலைப் பொறுக்கி எறிந்துவிடு.

கருப்பட்டி சாயல்குடிப் பக்கம் பங்குனி முதல் வைகாசி வரை பதநீர்க் காலத்தில் வாங்கினால் நல்லது. மற்ற மாதங்களில் சீனி கலந்தது நிறைய வரும். ஒரு துண்டை நாக்கில் வை: பனைச்சரக்கில் இனிப்போடு லேசாக உப்புக் கரிக்கும், கலப்படத்தில் வெறும் தித்திப்புதான். ஒரு கிலோவைக் காகிதத்தில் சுற்றி ஓலைக் கொட்டானில் வை. பிளாஸ்டிக்கில் இறுக்கினால் கசிந்து ஒட்டும். ஸ்கேனில் இந்தக் கட்டி அடர்த்தியாகத் தெரிவதால் பெட்டியைத் திறக்கச் சொல்லலாம், மேலாக வைத்துவிடு.

இனிப்பில் கீழக்கரைத் தொதல் அரைக் கிலோ. தேங்காய்ப்பால் இருப்பதால் நாள்பட்டால் சிக்கடிக்கும். கிளம்பும் முந்தின நாள் வாங்கு, சூடாக இருந்தால் ஆறவிட்டுக் கட்டு.

எல்லாமே செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். மிளகாய்ப் பொடியும் ஊறுகாயும் கைப்பையில் இருந்தால் மதுரையிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். கொப்பரைத் தேங்காய் மட்டும் எந்தப் பெட்டியிலும் ஆகாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் வகை என்று விமானத்தில் விலக்கியிருக்கிறார்கள். அவன் தங்கச்சிமடத்து உறவில் யாராவது அருளானந்தர் கோயில் இருக்கும் ஓரியூரின் செம்மண் கொடுத்தால் மனசு நோகாமல் மறுத்துவிடு. மண், விதை, நாற்று எல்லாம் பல நாடுகளில் தொல்லைதான்.

கட்டி ஒட்டிய பொட்டலத்தை யார் கொடுத்தாலும், அவன் அம்மாவே கொடுத்தாலும், அவர்கள் முன்னாலேயே பிரித்துப் பார்த்து நீயே திரும்பக் கட்டு. கோபித்துக்கொள்ள மாட்டார்கள், வெளிநாட்டுப் பிள்ளை உள்ள வீடு. மருந்து இருந்தால் பெயரைப் படி. டிரமடால், கோடீன் கலந்தவை இங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. உன் பெட்டியில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நீ.

எடையில்லாத ஒன்றும் இருக்கிறது. விடியற்காலை அவர்கள் ஊர்க் கரைக்குப் போய், மீன் ஏலம் நடக்கும்போது போனில் பத்து நிமிடம் சத்தத்தை மட்டும் பதிவு செய். வீடியோ வேண்டாம். படம் ஓடினால் ஊரில் என்ன மாறியிருக்கிறது என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். சத்தம் கேட்டால் குரலை வைத்தே ஆளை அடையாளம் சொல்வான்.

கணக்குப் போட்டால் பொருள் மட்டும் நாலு கிலோவுக்குள் வருகிறது, டப்பா எடை தனி. மிச்சத்தை நிரப்பாதே. நீ கிளம்பும் அன்று காலையில் அவன் அம்மா ஒரு தூக்குச்சட்டியோடு வந்து நிற்பார்கள். அதற்கு இடம் வேண்டும்.