கற்றுக்கொடுத்தால் என் பிழைப்பு போய்விடுமா?

கேள்வி: எனக்கு 51 வயது. 18 வருடமாக வீட்டிலேயே ஆரி வேலை செய்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆறே மாதத்தில் பக்கத்துத் தெருவில் போர்டு மாட்டி, என்னிடம் வந்தவர்களையும் இழுத்துக்கொண்டாள். இப்போது இன்னும் இரண்டு பெண்கள் கேட்கிறார்கள். மனசு வரவில்லை. மகள் போட்டுக் காட்டிய ஒரு சீனத் தொடரில், ஹுவாங் தாவ்போ என்ற நெசவுக்காரம்மா தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஊருக்கே கற்றுத்தருகிறார். பார்த்து அழுதுவிட்டேன். அது நடந்த கதைதானா? நான் என்ன செய்யட்டும்?
– வாசகி, மதுரை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அந்த அம்மா நிஜமாக வாழ்ந்தவர்தான். சிறுவயதுக் கல்யாணம், புகுந்த வீட்டுக் கொடுமை, தப்பித்துக் கப்பலேறியது என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் பிற்காலத்தில் சேர்ந்த கதை. 1366 வாக்கில் தாவோ சோங்யி என்ற அறிஞர் எழுதிவைத்த குறிப்பு சில வரிகள்தான். அதில் அவருடைய சொந்தப் பெயர்கூட இல்லை. ஹுவாங் என்பது குடும்பப் பெயர். தாவ்போ என்றால் தாவோ என்ற சீனச் சமயத்தின் கோயிலைச் சேர்ந்த மூதாட்டி என்று அர்த்தம்.

ஆனால் உங்களை அழவைத்த பகுதி அந்தச் சில வரிகளிலேயே இருக்கிறது. இன்றைய ஷாங்காய் நகருக்குள் அடங்கிவிட்ட வூநிஜிங் என்ற ஊர். வளமில்லாத மண், சாப்பாட்டுக்கே கஷ்டம். பருத்தி போட்டுப் பார்த்தார்கள். ஆனால் கொட்டையை விரலால்தான் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். பஞ்சு அடிக்கச் சின்ன மூங்கில் வில்தான். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் கொஞ்சம்தான் தேறும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென்கோடி ஹைனான் தீவின் யாச்சோவிலிருந்து இந்த மூதாட்டி வந்து, கொட்டை நீக்கவும் பஞ்சடிக்கவும் நூற்கவும் நெய்யவும் கருவி செய்யச் சொல்லிக்கொடுத்தார். நூலுக்கு வண்ணம் சேர்ப்பது, துணியில் பூங்கொத்தும் பறவையும் எழுத்தும் எடுப்பது எல்லாம் கற்றுத்தந்தார். ஊர்க்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு நெய்து வெளியூர்களில் விற்றார்கள். வீடுகளில் வசதி வந்தது. அவர் இறந்தபோது ஊரே அழுது, எல்லோருமாகச் சேர்ந்து அடக்கம் செய்தார்கள். கோயில் கட்டி வருடா வருடம் படையலும் போட்டார்கள். அரசியோ தளபதியோ இல்லாத ஒரு கிழவிக்கு! எனக்கு இதைவிடத் தொடரில் வேறெதுவும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அந்தத் தீவின் லீ இனப் பெண்களாகத்தான் இருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, தறியின் ஒரு முனைக் கட்டையைப் பாதத்தால் உந்திப் பிடித்து, மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு நெய்கிறவர்கள். உடம்பே தறிச்சட்டம். அந்தக் கலையைக் காப்பாற்ற வேண்டும் என்று 2009ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. வெளியிலிருந்து வந்த ஒருத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டிக்கொடுத்த அந்தப் பெண்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 'அவரைப் போல அள்ளிக்கொடுங்கள்' என்று நான் சொல்ல மாட்டேன். வூநிஜிங் துணிக்கு வெளியூர்ச் சந்தை இருந்தது. உங்களுக்கோ நாலு தெருக் கல்யாண வீடுகள்தான். உங்கள் பயம் சுயநலம் இல்லை. அந்தப் பெண் வாடிக்கையாளர்களை உங்களிடம் சொல்லாமல் இழுத்தது தப்பு. தொழில் தெரிந்த பிறகு போர்டு மாட்டியது தப்பில்லை. இந்த இரண்டையும் மனசுக்குள் பிரித்துப் பார்த்தால் காயம் கொஞ்சம் ஆறும்.

இப்போது உங்கள் ஆர்டர் நோட்டை எடுங்கள். போன ஆவணியிலும் தையிலும் நேரமில்லை என்று எத்தனை பிளவுஸைத் திருப்பி அனுப்பினீர்கள்? அந்தக் காலச் சீனத்துக் கொட்டை நீக்கும் கருவிக்கே மூன்று பேர் வேண்டும். இரண்டு பேர் ஆளுக்கொரு உருளையைச் சுற்ற, மூன்றாமவர் பருத்தியை ஊட்டுவார். முகூர்த்த மாதத்தில் உங்கள் ஃபிரேமும் அப்படித்தான். கைப்பகுதியை ஒருத்தியும் முதுகை ஒருத்தியும் போட, கழுத்தை நீங்கள் எடுத்தால், திரும்பிப்போன ஆர்டர்கள் உங்களிடமே நிற்கும்.

அதனால் கற்றுக்கொடுங்கள், இலவசமாக வேண்டாம். மாதக் கட்டணம் இவ்வளவு, ஒரு வருடம் உங்கள் ஆர்டரில் கூலிக்கு வேலை, அதற்குப் பிறகு தனியாகப் போவதானால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போக வேண்டும். முதல் நாளே அவர்கள் அம்மாக்களையும் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். முதல் வாரம் ஊசியைக் கையில் கொடுக்காதீர்கள். துணியைத் தொய்வில்லாமல் ஃபிரேமில் இழுத்துக் கட்டட்டும். தட்டினால் மேளம் மாதிரி ஒலிக்கும் வரைக்கும் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டட்டும். அதில் சலிக்காமல் நிற்கிறவளுக்கு அப்புறம் சங்கிலித் தையலைக் காட்டுங்கள்.

தை முகூர்த்தங்கள் முடிந்ததும் எப்படிப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள்.