மறு: ஹட்டனில் சிறுவர் மாத இதழ், அச்சுச் செலவு கட்டுப்படியாகவில்லை

வணக்கம். நீங்கள் எழுதியபடி 500 பிரதி, 20 பக்கம், முழுக்கலர், அதுவும் மாதாமாதம் என்றால் கை சுடத்தான் செய்யும். ஓப்செட் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சுத் தட்டு செய்யவேண்டும். 500 அடித்தாலும் 5000 அடித்தாலும் தட்டுச் செலவு ஒன்றுதான்.

அட்டை மட்டும் கலராக இருக்கட்டும். உள்ளே 16 பக்கம், கறுப்பு மட்டும், ரைசோவில் (ஸ்டென்சில் முறையில் பிரதி எடுக்கும் இயந்திரம்) அடியுங்கள். ஏ4 தாளை இரண்டாக மடித்தால் 4 தாளில் 16 பக்கம் வந்துவிடும். நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்தால் போதும். உள்தாள் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) சாதாரணத் தாள். பளபளப்புப் பூச்சுள்ள ஆர்ட் தாள் கேட்காதீர்கள்: ரைசோ மை அதில் ஊறாது, பிள்ளைகளின் விரலெல்லாம் கறுப்பாகும், வர்ணப் பென்சிலும் பிடிக்காது. மழைக்காலத்தில் தாள் கட்டை முன்கூட்டியே பிரிக்க வேண்டாம். ஈரம் ஏறி விளிம்பு சுருண்டால் இயந்திரத்தில் சிக்கும்.

'கொ', 'கோ' உடைந்து வந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த அச்சகத்தில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் இருக்கக்கூடும். அதற்கு யுனிகோட் தமிழ் (இன்று கணினியிலும் போனிலும் நாம் தட்டும் எழுத்துமுறை) ஒத்துவராது. நீங்களே பக்கம் அமைத்து, எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தின் அளவு 16 புள்ளிக்கு (பொயின்ட்) குறையக்கூடாது.

மாத இதழ் ஆசையை இப்போதைக்கு விடுங்கள். பாடசாலைத் தவணைக்கு ஒன்று, வருடத்துக்கு 3. கடையில் விற்கக் கொடுத்தால் கடைக்காரர் விலையில் கழிவும் கேட்பார், விற்காததைத் திருப்பியும் தருவார். அதைவிட, தேயிலைத் தோட்டத்தில் சம்பள நாளை ஒட்டி ஆண்டுச் சந்தா சேர்த்துவிட்டு, பிறகு பிரதி எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். பாடசாலைக்குள் கொடுப்பதானால் அதிபரின் வாய்வார்த்தை போதாது. வலயக் கல்வி அலுவலகத்திலும் எழுத்தில் அனுமதி கேளுங்கள். மிச்சமாகும் தட்டுக் காசில் ஓவியருக்கு ஏதாவது கொடுங்கள். ஓசியில் வரைபவர் மூன்றாவது இதழுக்குப் போனே எடுக்கமாட்டார்.